இழுவைக் கம்பியில் விரிசல்

– நீயே கேளு தம்பி. இந்தப் பக்கம் சுத்தியலால தட்டினா கணீர்னு வருது. இந்தப் பக்கம்? கீறல் விட்ட பானை மாதிரி. கம்பி விரிசல் விட்டிருக்குன்னு அர்த்தம்.

– அக்கா, இது பட்டாளத்துல ஓடின ட்ரெயிலர். குண்டுப் பெட்டியைச் சுமந்துக்கிட்டுப் பாறையில ஏறினது. எங்க ரெண்டு பேர் படுக்கையைத் தாங்காதா?

– தாங்குறது சக்கரம். இது ட்ரெயிலரை ஜீப்போட சேர்க்குற இழுவைக் கம்பி, இதோட வேலையே வேற. காட்டுப் பாதையில ஜீப்பு பள்ளத்துல இறங்கியிருக்கும், ட்ரெயிலர் இன்னும் மேட்டுலயே நிக்கும். அது ஒரு பக்கம் சாயும், இது ஒரு பக்கம் சாயும். அதுக்குத்தான் ஜீப்புக் கொக்கியில இந்தக் கம்பி நுனி வளையத்தை மாட்டுறான். கொக்கியும் தன் தண்டுலயே சுத்திக்கும். ட்ரெயிலர் குப்புற விழுந்தாலும் ஜீப்பைச் சேர்த்துக் கவிழ்க்காது. எவனோ ராத்திரி பகலா உட்கார்ந்து யோசிச்சிருக்கான். ஆனா அத்தனை முறுக்கும் கடைசியில இந்த ஒரு கம்பி மேலதான் வந்து விழும்.

– பாடம் அப்புறம் எடு. நாளைக்குக் காலையில நான் பாப்பாவோட காட்டுக்குக் கிளம்பணும்.

– அடுத்த மாசம் போ.

– அடுத்த மாசம் எங்க இருக்கு? பரீட்சை முடிஞ்சதும் அவ அம்மா அவளைக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டே போறா. கோர்ட்டு எனக்குக் கொடுத்தது இந்த ஒரு சனி, ஞாயிறுதான்.

– தெரியும்.

– தெரிஞ்சுமா கல்லு மாதிரி நிக்கிறே? உன் பட்டறையில உட்கார்ந்து விரல் தேய துரு சுரண்டியிருக்கேன். நீதானே ட்ரெயிலர் மூடியில காத்துத் துளை போட்டே?

– போட்டேன். மூடிக்கிட்டுப் படுத்தா ரெண்டு பேர் மூச்சும் தகரத்துல பட்டு வேர்க்கும், விடியறதுக்குள்ள மெத்தை சொதசொதன்னு ஆயிடும். ஒரு ராத்திரி தூங்கத்தான் நீ கேக்குறேன்னு நெனச்சுப் போட்டேன்.

– இப்ப என்ன அதுக்கு?

– ரெண்டாவதா ஒரு தண்ணித் தொட்டி மாட்டியிருக்கே, என்கிட்டச் சொல்லாம. ரெண்டு நாளைக்கு நீங்க குளிச்சுக் கொட்டினாலும் முதல் தொட்டியில பாதி தீராது.

– காடு. முன்ஜாக்கிரதைதான்.

– பெட்டியில பாப்பாவுக்குக் கம்பளிச் சட்டை அடுக்கியிருக்கே. இந்த வெயில்லயா? அதுவும் ஒரு அளவு பெரிசா. வளர்ற பிள்ளைக்கு வாங்குற அளவு.

– என் பெட்டியை நோண்டினியா?

– தாழ்ப்பாள் விழுதான்னு பார்க்கத் திறந்தேன். கூட்டிட்டுப் போனா நீ திருப்பிக் கொண்டுவரப் போறதில்ல. அப்படித்தானே?

– அவ என் பொண்ணுக்கா. என்கூட இருக்கணும்னுதான் அவளுக்கும் ஆசை. ட்ரெயிலர் பேச்சை எடுத்தாலே கண்ணு எப்படி விரியுது தெரியுமா?

– அவகிட்டக் கேட்டியா?

– பெத்தவனுக்குத் தெரியாதா? நகரு. கீழ படுத்து அந்த விரிசலைப் பார்க்கிறேன். வெல்டிங் நானே வச்சுக்கிறேன்.

– அடியில போகாதே. முட்டு சரியா நிக்கல.

– நிக்கிற அளவுக்கு நிக்குது. எங்க இருக்கு? வளையத்துக்குப் பக்கத்துலயா? ம்... அக்கா.

– சொல்லு.

– விரிசல்னா நெளிஞ்சு நெளிஞ்சுதானே ஓடும்? இது அளவுகோல் வச்ச மாதிரி நேரா இருக்கு. உள்ள ஒரு பொட்டுத் துரு இல்ல, பளபளங்குது. கீழ இரும்புத் தூள் வேற கொட்டியிருக்கு.

– வெளிய வா, தம்பி.

– ரம்பம் போட்டிருக்கு. யாரு? அவ அம்மா வந்தாளா இங்க?

– அவ வரல. நான்தான் அறுத்தேன்.

– கூடப் பிறந்தவ செய்யற வேலையா இது? உனக்கு யாருக்கா இந்த உரிமையைக் கொடுத்தது?

– உன் பொண்ணு. நேத்துப் பள்ளிக்கூடம் விட்டு நேரா இங்க வந்தா. “நான் வரலைன்னு சொன்னா அப்பா அழுவார் அத்தை, வண்டி கெட்டுப்போச்சுன்னு நீங்க சொல்லிடுங்க”ன்னா. நான் அறுத்து முடிக்கிற வரைக்கும் கம்பி ஆடாம ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னா.