கடைசி பஸ்ஸுக்கு வெட்டிய படங்கள்

தளவாய்புரத்துக்குக் கடைசி பஸ் ஒன்பதே முக்காலுக்கு. அதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்கு எளிதாகப் புரியும் சார்.

இராஜபாளையத்தில் எங்கள் தியேட்டரில் முதல் ஆட்டம் நீண்டுபோனால் தளவாய்புரத்து ஆட்கள் கடைசிக் காட்சிக்கு முன்பே எழுந்துவிடுவார்கள். அதனால் படப்பெட்டி வந்ததும் பாதிப் பாட்டு, ஒரு அழுகை, இரண்டு சண்டை என்று பார்த்துப் பார்த்து வெட்டி ஒட்டி, ஒன்பதரைக்கு முடித்துவிடுவேன். விநியோகஸ்தர்களுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஆனால் பத்து வருஷத்தில் ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அத்தனை சுத்தம் என் கை. அப்போது பிலிமின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சோலைராஜ், என்னோடு வேலை பார்த்த இன்னொரு ஆபரேட்டர்.

எண்பத்தைந்தில் அவன் மெட்ராஸ் போய் எடிட்டரானான். தொண்ணூற்றொன்றில் வருஷாந்திர சினிமா விருது விழாவில் சிறந்த எடிட்டர் பரிசு அவனுக்கு. டீக்கடை டிவியில் பார்த்தேன். கோட்டு போட்டிருந்தான். கேடயத்தை வாங்கிக்கொண்டு மைக்கில் சொன்னான்:

"எனக்கு எடிட்டிங் கத்துக் குடுத்தது எங்கூரு கடைசி பஸ்ஸுதான்."

விழாவில் சிரித்துக் கைதட்டினார்கள். டீக்கடையிலும் தட்டினார்கள். பஸ்ஸாம். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கப்போவதில்லை.

அடுத்த வாரம் கடிதம் போட்டான். வெள்ளிக்கிழமை மேட்னிக்கு வருகிறேன், படம் ஓட்டும் கேபினிலேயே இரு என்று. சொன்னபடி வந்தான். பையிலிருந்து கேடயத்தை எடுத்து புரொஜக்டர் பக்கத்தில் வைத்தான்.

"ஏலே தவசி, இது ஒன்னோடதுலே. மேடையில உம் பேரச் சொன்னா, படத்த வெட்டுனது வெளிய தெரிஞ்சு ஒன்ன வேலைய விட்டுத் தூக்கிருவாக. அதாம் பஸ்ஸுன்னு சொன்னேன்."

நியாயமான பேச்சுதான். கேட்டுக்கொண்டேன். எனக்குச் சேர வேண்டியதை ஊரறிய வாங்கிக்கொண்டு, ஆளில்லாத கேபினில் எனக்கே தானம் செய்கிறான். ஒரு ரீல் ஓடி முடியும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேபினுக்கு வெளியே செங்குத்தான இரும்புப் படிகள், கீழே சிமெண்ட் தரை. மேலிருந்து மூன்றாவது படி அந்தக் காலத்தில் ஆடும். யாராவது இறங்கினால் மேலே நிற்பவன் "மூணு" என்று குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். இறங்குகிறவன் அதைத் தாண்டிக் கால் வைப்பான். சோலைராஜ் அதை மறக்கவில்லை, ஏறும்போதும் பழைய பழக்கத்தில் அதைத் தாண்டித்தான் ஏறி வந்திருந்தான். வாசலில் நின்று கேட்டான்:

"மூணாவது படிய மாத்திட்டாகளா?"

"போன வருசமே மாத்தியாச்சுலே. தைரியமா எறங்கு."

நான் பொய் சொல்லவில்லை சார். போன வருஷம்தான் புதுப்படி போட்டார்கள், நான்கு போல்ட்டோடு. அந்த நான்கும் அப்போது என் சட்டைப் பையில் இருந்தன. காலையிலேயே கழற்றிவிட்டேன். அவன் விளக்கம் சொன்ன பிறகு திரும்ப மாட்ட நேரமும் இருந்தது. ஒரு ரீல் நேரம், பத்து நிமிஷம். மாட்டவில்லை.

சத்தம் கேட்டது. அடுத்த ரீலை ஓடவிட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். படம் பார்க்க வந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள். மூன்றாவதைத் தாண்டிக் கால் வைத்து இறங்கினேன். அவனுக்கு அப்போது மூச்சு இல்லை.

பொறாமையால் கொன்றேன் என்று வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். அடுத்தவன் பொருளைப் பார்த்துத்தான் பொறாமை வரும். அந்தக் கேடயம் என்னுடையது, அவன் வாயாலேயே சொன்னான். கேஸ் முடிந்ததும் மறக்காமல் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.