நார்பெர் விட்டுப்போன துப்பாக்கி

— மெதுவா, அல்சீட் மாமா! அது எங்க பாட்டன் காஸ்பாரோட துப்பாக்கி.

— கத்தாதே டெல்ஃபீன். உள்ள வெடிமருந்து கிடக்கான்னு குச்சி விட்டுப் பாத்துட்டேன், காலி. என்ன அவசரம் உனக்கு?

— ஞாயித்துக்கிழமை நம்ம மேட்டிஸ் சனங்க திருவிழால தம்பி இதால சுடணும். அப்பா போனப்புறம் வர்ற முதல் திருவிழா. விசையை இழுத்தா பொறியே வரல.

— எப்படி வரும்? சிக்கிமுக்கிக் கல்லு வந்து மோதுற தகடு வெண்ணெய் மாதிரி இருக்கு. கரித்தூள்ல புதைச்சுப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கினா இறுகிடும்.

— இதாலதான் அப்பா மூஸ் மான் அடிச்சாரு.

— இதாலயா? மூஸ் சிரிச்சே செத்திருக்கும்.

— செத்தவரைக் கிண்டல் பண்ணாதீங்க.

— உசுரோட இருந்தப்பவும் பண்ணேன், நார்பெர் கோவிச்சுக்கல. குழல்ல என்ன எழுதியிருக்கு, படி.

— “கருமருந்து மட்டும் போடவும்.” அதுக்கென்ன?

— காஸ்பார் காட்டெருமை அடிச்ச காலத்துல வேற மருந்தே கிடையாது. எவன் உக்காந்து இதைச் செதுக்குவான்?

— பக்கத்துல பித்தளைப் பாம்பு இருக்கே மாமா! தோல் வியாபாரிங்க கொண்டுவந்த துப்பாக்கில எல்லாம் இருக்குமாமே.

— இருக்கும். அதைப் பாத்துதான் இதை வார்த்திருக்கான். இது நகல், கண்ணு. உன்னைவிட வயசு கம்மி.

— நகலா! இதைக் காட்டித்தானே அப்பா பக்கத்து டுஷார்ம் வீட்டுக்காரங்ககிட்ட அத்தனை வருஷம் பீத்திக்கிட்டாரு! நான் வேற சாவுக்கு மறுநாள் அழுதுகிட்டே உக்காந்து துடைச்சேன்.

— கண்ணீர் பட்டா துரு ஏறும், தள்ளி நில்லு. குழலைக் கட்டையிலருந்து எடுக்கறேன்... இந்தா, அடியில இந்தக் காலத்து ஆலை போட்ட வரிசை எண். இனி சந்தேகமே இல்ல. அட, கட்டைக் குழியில என்னமோ பென்சில் கிறுக்கல்!

— அப்பா எழுத்து! கோழி கிளறின மாதிரி.

— கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியல. சத்தமாப் படி.

— “அல்சீட், கழட்டிட்டியா? வாயை மூடிக்கிட்டுச் சரிபண்ணிக் கொடு. நிஜத் துப்பாக்கியை மூத்த மகள் கையில கொடுத்துட்டேன்.”

— அடிக் கழுதை! நிஜத்தை நீயே வச்சுக்கிட்டு இங்க வந்து நாடகமா ஆடுறே?

— எங்கிட்ட எதையும் கொடுக்கலையே மாமா... அப்போ எனக்கும் மூத்தவ யாரு?