இரண்டாவது சோதனை

தேநீர் வேண்டாம், யாமினி. மரியாதைக்குக் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அரசாங்கத் தணிக்கையாளன் சொந்தத் தண்ணீர்ப் புட்டியோடு போக வேண்டும் என்பது என் கொள்கை. இன்றைக்குத் தணிக்கைக்கு ஆளாகியிருப்பதே நான்தான் என்பதால் அது பொருந்துமா பொருந்தாதா என்று கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது. குழப்பம் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த விசாரணைக்கு உங்களைப் போட்டது முறையில்லை. நான் நடத்திய பயிற்சி வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தவர் நீங்கள். பழகிய ஆளைப் பழகியவரே விசாரிக்கக் கூடாது என்று அந்த வகுப்பில்தான் சொல்லிக்கொடுத்தேன். சரி, பரவாயில்லை. நான் ஆட்சேபம் தெரிவித்ததாக ஒரு வரி எழுதிவிட்டு மேலே போங்கள்.

பிரிஜட் அம்மாள் எப்படி இறந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். குளியலறையில் வழுக்கி விழுந்தார். சுவரில் தொங்கிய அவசர அழைப்புக் கயிற்றை இழுத்தார். யாரும் வரவில்லை. கயிறு வேலை செய்யாது என்பது எனக்கு முன்பே தெரியுமா என்பதுதான் உங்கள் கேள்வி. தெரியும். ஆனால் வெறுமனே 'தெரியும்' என்று சொல்லிவிட்டுப் போனால் அது அரைகுறைப் பதில். அரைகுறையாக எதையும் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

என்னைப் பற்றி அலுவலகத்தில் என்ன பேசுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். சிராங்கூன் சாலைப் பக்கம் என் மச்சான் முபாரக் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். சொந்தத் தங்கையின் புருஷன். அங்கே போனாலும் இரண்டு பரோட்டாவுக்குக் காசைக் கொடுத்து ரசீது வாங்காமல் நகரமாட்டேன். "மச்சான், ரசீதையும் சேத்துச் சாப்பிடுங்க, குழம்பு ஊத்துறேன்" என்பான். வீட்டில் மனைவி முனீரா இன்னும் மேல். குழம்பில் உப்பு குறைவு என்று சொன்னால், "நீங்க ஒருத்தர்தானே சொல்றீங்க? ஒருத்தர் சொன்னா அது அபிப்பிராயம். ரெண்டாவது ஆள் சொல்லட்டும்" என்று என் பாடத்தை எனக்கே திருப்பிப் படிப்பாள். நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிடுவேன்.

அலுவலகத்தில் எனக்கு வைத்த பெயர் பின்னிணைப்பு மைதீன். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். என் காது நல்ல காது. அந்தப் பெயர் வந்த விதம் இப்படி. நான் போய் ஒரு குறையைக் கண்டுபிடிப்பேன். கண்டுபிடித்த சூட்டோடு சம்பந்தப்பட்ட அமைப்பிடம் சொல்லிவிடுவேன். அவர்கள் அலறியடித்துக்கொண்டு அந்த வாரமே சரிசெய்துவிடுவார்கள். சரிசெய்த குறைக்கு அறிக்கையில் இடமில்லை. 'தணிக்கையின்போதே களையப்பட்டது' என்ற ஒற்றை வரியாகி, கடைசிப் பக்கங்களில், யாரும் புரட்டாத பின்னிணைப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். மற்றவர்களின் குறைகள் முதல் பக்கத்தில் வரும், செய்தித்தாளில் வரும், நாடாளுமன்றத்தில் கேள்வியாகக்கூட வரும். என்னுடையவை எல்லாம் தூங்கும். எனக்குப் பின்னால் சேர்ந்த வெங்கடேஷ் எனக்கே மேலதிகாரியாக வந்தார். ஒருநாள் மதியச் சாப்பாட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க ஃபைண்டிங் எல்லாம் ரொம்ப ஃபாஸ்ட் லா அண்ணே. நீங்க கண்டுபிடிக்கிறீங்க, அவங்க ஃபிக்ஸ் பண்ணிடுறாங்க. நமக்கு என்ன மிச்சம்?"

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். எனக்கு வேடிக்கை சட்டென்று பிடிபடாது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த வேலைதான் இது. தனியாக வாழும் முதியவர்களின் ஓரறை வாடகை வீடுகளில் அவசரக் கயிறு மாட்டியிருக்கிறார்கள். இழுத்தால் வாசலுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும், கண்காணிப்பு மையத்துக்கு அழைப்பு போகும், அங்கிருந்து ஒருவர் ஒலிபெருக்கியில் "என்னாச்சு ஆண்ட்டி?" என்று கேட்க வேண்டும், தேவையென்றால் ஆள் அனுப்ப வேண்டும். இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த வீட்டில் சோதிப்பது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டு எடுத்தது. பிரிஜட் அம்மாள் வீட்டைத் தேர்ந்தெடுத்ததில் என் கை துளியும் இல்லை. இதை மட்டும் அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.

லிட்டில் இந்தியாவின் இரைச்சலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, அடுக்குமாடி ஒன்றில் அவருடைய வீடு. செம்பவாங் கப்பல் பட்டறைச் சாப்பாட்டுக் கூடத்தில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு தமிழ்ப் பூசையில் தேவாலயப் பாடல் குழுவோடு பாடுவார். அண்ணன் மகள் ஜோவன்னா மட்டும் அவ்வப்போது வந்து பார்ப்பாள். நான் அடையாள அட்டையைக் காட்டியபோது அதைப் படிக்காமலே கதவைத் திறந்தார். அதுவே ஒரு பாதுகாப்புக் குறை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

"வாங்க தம்பி, உக்காருங்க. குவே பலகாரம் இருக்கு, நானே செஞ்சது."

"வேண்டாம் ஆண்ட்டி. டூட்டில இருக்கும்போது எதுவும் சாப்பிடக் கூடாது."

"ஒரு துண்டு குவே சாப்பிட்டா அரசாங்கம் கவுந்துடுமா?"

சிரிக்காமல் என் புட்டியைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தட்டை மூடி வைத்தார். பிறகு நான் குளியலறைக்குப் போய்க் கயிற்றை இழுத்தேன். வாசலில் விளக்கு எரிந்தது. இருவரும் உட்கார்ந்து காத்திருந்தோம். பாடல் குழுவில் யாருக்கு யாரோடு சண்டை என்பதை அவர் முழுக்கச் சொல்லி முடித்தார். ஒலிபெருக்கியில் ஒரு கனைப்புகூடக் கேட்கவில்லை.

"யாருமே வரலியே தம்பி?"

"இது டெஸ்ட்தானே ஆண்ட்டி. டெஸ்ட்னா வரமாட்டாங்க. நிஜமா இழுத்தா வருவாங்க."

வாயில் வந்ததைச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் அவர் அன்றைக்கே யாருக்காவது புகார் செய்வார், நாளைக்கே சரிசெய்துவிடுவார்கள், நான் மறுபடியும் பின்னிணைப்புக்குப் போவேன். அவ்வளவு யோசனையும் ஒரு நொடியில் ஓடியது. என் மூளை இவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று அன்றுவரை எனக்கே தெரியாது.

அந்த வாரமே காரணத்தையும் கண்டுபிடித்தேன். கண்காணிப்பு மையத்தை நடத்தும் ஒப்பந்ததாரர் வேறு இடத்துக்கு மாறியிருந்தார். மாறும்போது இந்தக் கட்டடத்தின் இணைப்பைக் கொண்டுபோக மறந்துவிட்டார்கள். யார் கயிற்றை இழுத்தாலும் அழைப்பு பழைய இடத்தில், காலி அறையில் போய் நிற்கும். அங்கே நாற்காலிகூட இல்லை. நேரில் போய்ப் பார்த்தேன்.

வெங்கடேஷிடம், "பதில் வர லேட் ஆவுது" என்று மட்டும் சொன்னேன். அவர் எல்லாரும் சொல்வதைச் சொன்னார்: "ஒரு தடவைன்னா ஒன்-ஆஃப்னு தள்ளிடுவாங்க லா. கொஞ்ச நாள் விட்டு, சொல்லாம கொள்ளாம போயி ரெண்டாவது டெஸ்ட் பண்ணுங்க. அப்புறம் அசைக்க முடியாது." அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் வழக்கம் அதுதான். ஒரு தடவை நடந்தால் தற்செயல், இரண்டாவது தடவையும் நடந்தால்தான் நிர்வாகக் கோளாறு. காலி அறையைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரே தொலைபேசியை எடுத்திருப்பார். நல்ல மனிதர்.

இப்போது நீங்கள் அந்த விதியை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் இரண்டாவது சான்றுக்குக் காத்திருக்காதே, அன்றைக்கே சொல். அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். "சொன்னா ஃபைண்டிங் போயிடுமே சார்?" என்று எழுந்து கேட்டது நீங்கள். "ஃபைண்டிங் போகட்டும்மா, மனுஷன் இருக்கட்டும்" என்றேன். வகுப்பே கைதட்டியது. அன்றைக்கு முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. எனக்குக் கைதட்டல் பிடிக்கும், யாமினி. நிறையக் கிடைக்காததால் இருக்கலாம்.

இதுவரை சொன்னது நான் சொல்லாமல் விட்டவை. இனிமேல் வருவது நான் சொன்னது. ஜோவன்னா எழுதிக்கொடுத்த புகாரில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். எப்போதும் கைப்பேசியைக் குளியலறைக்கு எடுத்துப்போகும் அத்தை, அன்றைக்கு ஏன் எடுத்துப்போகவில்லை என்று கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி. இந்தப் பெண் நம் வேலைக்கு வந்திருக்கலாம்.

இரண்டாவது சோதனைக்குக் காத்திருந்த நாட்களில் அறிக்கையை எழுத ஆரம்பித்திருந்தேன். ஒரு குறையைக் கண்டால் அதனால் யாருக்கு என்ன பாதிப்பு என்று எழுத வேண்டும். அதற்காகப் பிரிஜட் அம்மாளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, குளியலறையில் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஜோவன்னா வாங்கிக்கொடுத்த பிளாஸ்டிக் உறையில் கைப்பேசியைப் போட்டு, கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் குளிக்கப் போவதாகச் சொன்னார். 'குடியிருப்பவர்களிடம் கைப்பேசி இருப்பதால் பாதிப்பு ஏதுமில்லை' என்று கயிற்றுக்குப் பொறுப்பான அமைப்பு எழுதப்போகும் பதில் கண்முன்னே வந்துவிட்டது.

"குளிக்கும்போது எதுக்கு ஆண்ட்டி ஃபோன்? தண்ணி பட்டா ஷாக் அடிக்கும்."

"அப்படியா? ஜோவன்னாதான் வச்சுக்கச் சொன்னா."

"அதான் கயிறு இருக்குல்ல. நான்தான் வந்து செக் பண்ணிட்டுப் போனேனே. ஃபோனை வெளியவே வச்சிடுங்க."

"நீங்க சொன்னா சரி தம்பி. ஒரு துண்டு குவேகூட வாங்கிச் சாப்பிடாத மனுஷன், என்கிட்ட வந்து பொய்யா சொல்லப்போறீங்க?"

நேர்மையாக இருப்பதில் இப்படி ஒரு லாபம் உண்டு என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போட்டதில்லை. இத்தனை வருடம் நான் குடிக்காமல் விட்ட தேநீரெல்லாம் அந்த ஒரு பொய்யை நம்பவைக்கப் பயன்பட்டது.

இரண்டாவது சோதனைக்கு ஒரு காலைப்பொழுதில் போனேன். தாழ்வாரத்தில் போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். முந்தைய நாளிலிருந்து வானொலி நிற்காமல் பாடுகிறது, தட்டினால் திறக்கவில்லை என்று பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி அழைத்திருக்கிறார். போர்த்திய துணிக்குக் கீழே பிரிஜட் அம்மாளின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. நான் யார் என்று ஒரு காவலர் கேட்டார். அட்டையைக் காட்டினேன். காட்டிக்கொண்டே நிமிர்ந்து வாசலுக்கு மேலே பார்த்தேன். சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. இழுத்திருக்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். கேட்கத் தெரியாமல் இல்லை, மரியாதை. நானே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது சான்று கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தது. நான் இழுத்திருந்தால்கூட, தணிக்கையாளர் சரியாக இழுக்கவில்லை என்று ஏதாவது நொண்டிச் சாக்குச் சொல்லியிருப்பார்கள். அழுகை அதற்குப் பிறகு, மின்தூக்கிக்குள் வந்தது. அதுவும் உண்மைதான். ஆனால் வரிசை முக்கியம், வரிசையை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

அடக்கத்துக்குப் போனேன். தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவருடைய பாடல் குழு பாடியது. ஜோவன்னா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பத்தி அத்தை சொல்லியிருக்காங்க அங்கிள்" என்றாள். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அறிக்கையில் இந்த வரியைச் சேர்த்தேன்: 'இரண்டாவது சோதனை உண்மைச் சூழலிலேயே நிகழ்ந்தது, முடிவு முதல் சோதனையை உறுதிப்படுத்தியது.' வெங்கடேஷ் அதில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை.

அறிக்கை முதல் பக்கத்தில் வந்தது. செய்தித்தாளிலும் வந்தது. எல்லா அடுக்குமாடிகளிலும் இணைப்பைச் சோதித்துச் சரிசெய்தார்கள். இன்றைக்கு எத்தனையோ முதியவர்கள் கயிற்றை இழுத்தால் பதில் வருகிறது. அதை நினைத்துத்தான் இரவில் தூங்குகிறேன் என்று முனீராவிடம் சொன்னேன். "தூங்குறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். சாட்சி இல்லாமல் எதையும் ஏற்காதவள்.

சரி, எழுதிவிட்டீர்களா? கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன். வரைவைக் காட்டிச் சம்பந்தப்பட்டவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்பது நான் சொல்லிக்கொடுத்ததுதான். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். தமிழும் தெளிவாக இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் எனக்கு ஆட்சேபம். 'அலட்சியத்தால் நேர்ந்த மரணம்' என்று போட்டிருக்கிறீர்கள். என் மேல் இரக்கப்பட்டுப் போட்டிருப்பீர்கள். ஆனால் உங்களிடம் உள்ள சான்று அப்படிச் சொல்லவில்லை. அலட்சியம் என்றால் அந்தம்மா விழுவார் என்று நான் நினைத்துப் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும். நான் நினைத்துப் பார்த்தேன், யாமினி. ஒவ்வொரு நாளும் நினைத்தேன். விழுந்தால் அறிக்கை இன்னும் வலுவாக இருக்கும் என்றும் நினைத்தேன். அந்த ஒரு சொல்லை அடித்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.