கணிப்புக்கு அடங்காத ஜோடி

அக்கா வீட்டில் முட்டை வாங்கி வருவது மாமாவின் பொறுப்பு. ஒன்றுகூட உடையாமல் கொண்டுவந்து சேர்ப்பது அவருக்குப் பெருமை. காலையில் அக்கா அவருக்குக் கைபேசியில் 'முட்டை' என்று அனுப்புவாள். சாயங்காலம் அவரிடமிருந்து 'சரி' என்று வரும். அன்றைய பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

விசாரணைக் குழுவினர் நீங்கள் மூவரும் என்னை இங்கே கூப்பிட்டிருப்பது, என் ஆய்வேட்டுக்காகத் தரவைத் திருத்தினேனா என்று கேட்க. திருத்தவில்லை. ஒரு எண்ணைக்கூடத் தொடவில்லை. சந்தேகம் இருந்தால் கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சமூகத் தரவு அறிவியலில் முதுகலை படிக்கப் போகிறேன் என்றபோது, "அப்படின்னா என்னடி?" என்று கேட்டாள் அம்மா. மனிதர்கள் யாரோடு எப்போது பேசுகிறார்கள், எங்கே போகிறார்கள் என்பதையெல்லாம் எண்ணிப் பார்த்து, அடுத்து என்ன செய்வார்கள் என்று சொல்வது என்று விளக்கினேன். "வம்பு பேசறதுக்கு ஒரு பட்டமா? நம்ம வீட்டுல எல்லாருமே படிச்சவங்கதான் போ" என்றாள். மாமாதான் எனக்காகப் பேசினார். தங்க இடம் கிடைக்காமல் அலைந்தபோது, "எங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்று சொல்லி, தன் கருவிகளை வைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார். எனக்குப் 'பெரும்புள்ளி' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். புள்ளியியல் படிக்கிறேனாம்.

என் ஆய்வு தம்பதிகளைப் பற்றியது. சம்மதித்த ஜோடிகளின் கைபேசிகளில் ஒரு நிரலைப் போட்டேன். அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்பதை அது படிக்காது. யார் முதலில் அனுப்புகிறார்கள், பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்பதை மட்டும் எண்ணும். அதை வைத்து, கல்வியாண்டு முடிவதற்குள் யார் பிரிவார்கள் என்று சொல்லும். பிரிவு என்றால், முழுசாக ஒரு மாதம் வேறு வேறு முகவரியில் இருப்பது. அக்காவும் மாமாவும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்கள். வீட்டுப் பிள்ளைக்கு இதைக்கூடச் செய்யாமலா?

நிரல் அற்புதமாக வேலை செய்தது. பிரியும் என்று சொன்ன ஜோடிகள் பிரிந்தன. சேர்ந்திருக்கும் என்று சொன்னவை சேர்ந்திருந்தன. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. அக்காவும் மாமாவும் பிரிவார்கள் என்று நிரல் அடித்துச் சொன்னது. அவர்களோ நகமும் சதையுமாக இருந்தார்கள். அக்கா நீச்சல் பயிற்சியாளர். நாள் முழுக்கத் தண்ணீரில் இருப்பாள், கைபேசி பெட்டிக்குள் கிடக்கும். மாமா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவர். வேலை நேரத்தில் அவர் கையெல்லாம் ஈரத்தூள். பேச வேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்து, ராத்திரி பாத்திரம் கழுவும்போது பேசித் தீர்ப்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் அவர்கள் சிரிப்பு கேட்கும். அந்தச் சிரிப்பை எண்ண என் நிரலில் இடமில்லை.

பேராசிரியையிடம் போனேன். "ஒன்னு தப்பினா தப்பட்டுமேம்மா. ஏன் தப்புச்சுன்னு எழுது. அதுதான் நல்ல ஆய்வு" என்றார். பெரிய மனது. கூடப் படிக்கிறவனோ, "அந்த ஜோடியைத் தூக்கிடு, யாருக்குத் தெரியப்போகுது?" என்றான். அன்றிலிருந்து அவனோடு நான் பேசுவதில்லை. தரவில் கைவைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று முதல் பருவத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே தரவை அப்படியே விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஓர் உண்மையைச் சொன்னேன். மாமா அவளுக்குப் பதில் போடச் சராசரியாக எட்டு மணி நேரம் ஆகிறது. மற்ற கணவன்மார்களுக்குப் பதினோரு நிமிடம். அக்கா சிரித்தாள். "அவர் கை காலியா இருந்தாத்தானே?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பதினோரு நிமிஷமா?" என்று கேட்டாள்.

மாமாவுக்கும் ஓர் உண்மை சொன்னேன். ஒருவருக்குச் சொல்லி மற்றவருக்குச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நிரல் படிக்காவிட்டாலும் வீட்டில் நான் பார்த்த வரையில், முட்டை, பால், சலவைத்தூள் தவிர வேறு எதற்கும் அக்கா அவருக்கு முதலில் செய்தி அனுப்பியதில்லை என்றேன். "வேலையிருக்கும்ல பெரும்புள்ளி?" என்றார். ஆனால் அன்று சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்டு வாங்காமல் தானே எழுந்து எடுத்துக்கொண்டார்.

பிறகு நான் அதிகம் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. எண்ணத் தொடங்கியவர்கள் தாங்களாகவே எண்ணிக்கொண்டார்கள். பாத்திரம் கழுவும்போது சத்தம் பாத்திரத்திலிருந்து மட்டும் வந்தது. வாராவாரம் ஆளுக்கொரு வரைபடம் போட்டுக் கொடுத்தேன். கேட்டார்கள், கொடுத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவள் என்று நீங்கள் நினைக்கலாம். நான் ஊதவில்லை. சங்கு எத்தனை அங்குலம் என்று அளந்து சொன்னேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் வாக்குவாதம் முற்றி மாமா சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டார். மத்தியானம் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு நீளமாக ஒரு செய்தி அனுப்பினார். அக்கா அன்று விடுப்பில் இருந்தாள், அழுது களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கைபேசியின் ஒலியை நிறுத்தி, அதைத் துணி அலமாரியில் வைத்தேன். செய்தியை அழிக்கவில்லை, கவனியுங்கள். அழித்திருந்தால் அது மோசடி. தூங்குகிறவளை எழுப்பக்கூடாது என்பது சாதாரண மரியாதை. மாமா பதிலுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் வந்து, சாத்தியிருந்த படுக்கையறைக் கதவைத் தட்டாமல் பையை எடுத்துக்கொண்டு, கடைக்கு மேலே இருக்கும் அறைக்குப் போய்விட்டார். ராத்திரி அக்கா கைபேசியைத் தேடி எடுத்துப் படித்தபோது, மன்னிப்புக் கேட்டவர் ஏன் பையோடு போனார் என்று அவளுக்குப் புரியவில்லை.

அந்த ஒரு மாதம்தான் எனக்குக் கவலையாக இருந்தது. பாதியில் ஒரு நாள் மாமா வந்து கதவைத் தட்டினார். அக்கா குளத்துக்குப் போயிருந்தாள். அவர் கையில் ஒரு நீச்சல் கண்ணாடி. அக்காவுக்குக் கிட்டப்பார்வை. அவள் பார்வைக்கு ஏற்ற லென்ஸைத் தானே தீட்டிப் பொருத்தியிருந்தார்.

"இதைக் குடுத்துடறியா? தண்ணிக்குள்ள பசங்க மூஞ்சியே தெரியலன்னு சொல்லிட்டே இருப்பா."

"குடுத்துடறேன் மாமா."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"இன்னைக்குக் கேக்கல மாமா."

அது உண்மை. முந்தின நாள்தான் கேட்டிருந்தாள். சமையலறையில் உட்கார்ந்து, "அவரே வந்தா நான் ஒன்னும் சொல்லமாட்டேன்டி" என்றாள். முந்தின நாளைப் பற்றி மாமா விசாரிக்கவில்லை.

"அவளுக்குக் கொஞ்சம் டைம் குடுங்க மாமா. ஒன்னாம் தேதிக்கு மேல வாங்க" என்றேன். தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். அவர் கண் கலங்கியிருந்ததைக் கவனித்தேன். அதைப் பதிவுசெய்யவில்லை. ஒரு சம்பவத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கண்ணாடி என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

மாதம் முழுசாகி ஒன்றாம் தேதி வந்தும் அவர் வரவில்லை. அதற்குள் மனம் விட்டுப்போயிருக்க வேண்டும். மனிதர்களின் பொறுமைக்கு இப்படி ஓர் எல்லை இருப்பது நான் எதிர்பார்க்காதது. சுவாரசியமான விஷயம்தான், ஆனால் என் தலைப்புக்கு வெளியே. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். ஒரு கணிப்புகூடப் பிசகவில்லை. "ஒன்னும் தப்பாகலன்னாதான்மா பயமா இருக்கு" என்று பேராசிரியை உங்களுக்கு எழுதிப்போட்டார். இப்போது நீங்களே சொல்லுங்கள், இதில் எங்கே பொய்? பிரிவார்கள் என்றது நிரல். பிரிந்தார்கள்.

இதையெல்லாம் அக்காவிடமும் மாமாவிடமும் சொல்லிவிட்டால் சேர்ந்துவிடுவார்களே என்று உங்களில் அந்த அம்மா கேட்டார். சேரலாம். மறுக்கவில்லை. ஆனால் முனைவர் பட்டத்துக்கு இதே ஜோடிகளைத் தொடர்ந்து கவனிப்பதாக விண்ணப்பித்திருக்கிறேன். பிரிந்தவர்கள் மறுபடி சேர்வதில்லை என்பதுதான் அதில் என் கருதுகோள்.

விடுதியில் இடம் கிடைத்திருக்கிறது. நான் போகவில்லை. அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்கிறாள். இந்த நிலையில் அவளைத் தனியாக விட்டுப்போக மனசு வரவில்லை. எத்தனை படித்தாலும், கூடப் பிறந்த பாசம் விடுமா?