கள்ளக்கடலுக்கு முந்தின சனிக்கிழமை

— ஒரு கையெழுத்துதானே டீச்சர்? 'சிந்தியா, தக்கலை ஆபீஸ்'ன்னு இந்த ரிப்போர்ட்டுக்குக் கீழ இட்டா போதும்.

— அதெப்படி சகாயசெல்வியக்கா? சனிக்கிழமை பேரிடர் பயிற்சி நடந்துச்சுன்னு எழுதியிருக்கிய. அன்னைக்கு நான் காய்ச்சல்ல நெய்யூர் ஆஸ்பத்திரியில கெடந்தேன். வரல்லன்னு உங்களுக்குத்தானே போன் பண்ணினேன்?

— பண்ணினிய. நானும் கோயில் ஹாலைப் பூட்டத்தான் போனேன். உள்ள நின்னாவ. போர்டுல நம்ம கடப்புறத்த முழுசா வரைஞ்சும் வச்சாச்சு.

— யாரு?

— பயிற்சி தர வந்தவங்க.

— எங்க ஆபீஸ்ல இருந்து யாரையும் அனுப்பல்லியே. எந்த ஆபீஸ்னு கேட்டியளா?

— இல்ல.

— நாப்பது பேரு இருந்திருக்கிய. ஒருத்தருமா கேக்கல்ல?

— கேக்கத் தோணல்ல டீச்சர்.

— சரி, என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?

— காத்தும் இருக்காது, மழைக்கோளும் இருக்காது, உச்சை வெயிலு காயும்போ கடலு கேறி வரும், அதாக்கும் கள்ளக்கடல்ன்னாவ. எங்கேயோ தூரத்துல அடிச்ச காத்து இங்க அலையா வருமாம். கடலு சூடாகச் சூடாக இனி இதெல்லாம் கூடத்தான் செய்யுமாம். கடலு உள்வாங்கினா வேடிக்கை பாக்க எறங்கப்பிடாதுன்னு மூணு தடவ சொன்னாவ. சொல்லிட்டு போர்டுல அந்த எடத்த அழுத்தி வட்டம் போட்டாவ.

— எங்க புஸ்தகத்துல உள்ளதுதான் எல்லாம்.

— புஸ்தகத்துல இல்லாததும் உண்டு. சிலுவைப் பாட்டாவத் தூக்க ரெண்டு பேரு, காது கேக்காத பிலோமினாளத் தொட்டு எழுப்ப ஒருத்தி, ததேயுஸ் வீட்டுத் தொட்டில் பிள்ளைக்கு ஒருத்தின்னு வீடுவீடாப் பிரிச்சு விட்டாவ.

— வெளியூர்க்காரங்களுக்கு இந்த வெவரமெல்லாம் எப்படித் தெரியும்?

— மேட்டுக்கு ரெண்டு தடவ ஓடவும் வச்சாவ. கோயில் முடுக்கு வழியா ஓடாதிய, அந்தச் சந்துல வெள்ளம் சுத்தும். தென்னந்தோப்பு வழியா ஓடுங்கன்னாவ.

— எங்க மேப்புல முடுக்குதானேக்கா பாதை? அதத்தானே நானும் சொல்லிக் குடுத்திருப்பேன்!

— செவ்வாக்கிழமை அந்த முடுக்குல ஆள் ஒசரத்துக்கு வெள்ளம் நின்னுச்சு டீச்சர். பதினேழு வீடு போச்சு. ஒரு உசிரு போகல்ல.

— தெய்வமே... நான் வந்திருந்தா...

— அத விடுங்க. நாளைக்கு அதிகாரிமாரு வாராவ. இவ்வளவு பேரும் எப்படித் தப்பிச்சிய, யாரு பயிற்சி தந்ததுன்னு கேப்பாவ. ஒரு பேரு காட்டணும்லா? அதுக்காக்கும் கெஞ்சுதேன்.

— செய்யாத வேலைக்கு நான் பேரு வாங்கப்பிடாதுக்கா. அவங்க பேரையே எழுதுங்க.

— அது வேண்டாம்.

— ஏன்? ஆளு எப்படி இருந்தாங்க, அதையாவது சொல்லுங்க.

— முப்பது வயசு மதிக்கலாம். நீலச் சாரி. கீழ்க்கரை நனைஞ்சிருந்துச்சு, சாயங்காலம் வரை ஃபேனுக்கு அடியில நின்னும் காயல்ல. சோறு வெளம்பினோம், தொடல்ல.

— அதெப்படிக்கா காயாம இருக்கும்? அதென்ன, ஹாலுக்குள்ள விசில் சத்தம்?

— பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குதாவ.

— 'டீச்சர், டீச்சர்'ன்னு பிள்ளைகள் கூப்பிடுதே! அப்போ அவங்க இன்னும் போகல்லியா? இருங்க, நானே போயி பேரு கேட்டுட்டு வாரேன்.

— போகாதிய டீச்சர், உங்க காலப் பிடிக்கேன்! அது எனக்க அக்கா. சுனாமியில போயி ஒம்பது வருசமாகப் போவுது, குழியில மண்ணு இட்டதே நானாக்கும். ஊருக்கே தெரியும். பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் போயிருவாளோன்னு பேடிச்சுத்தான், அவ பெத்த பிள்ளைகள் கூட அவள 'டீச்சர்'ன்னு கூப்பிடுது.