சமையற்கட்டு வழியே வீடு சென்ற வனச்சரகருக்கு

முப்பத்து நான்கு ஆண்டு வனப்பணி முடித்து இன்று ஓய்வு பெறும் எங்கள் வனச்சரகர் திரு. அருணகிரி அவர்களுக்குச் சரகப் பணியாளர்கள் வாசித்தளிக்கும் மடல்

காடு காத்த காவலரே! சந்தனம் கடத்துவோரைச் சந்து பொந்தெல்லாம் துரத்திய சலியாத கால்களுக்குச் சொந்தக்காரரே! கரடிக்கும் அஞ்சாமல், கணக்குத் தணிக்கைக்கும் அஞ்சாமல், கட்டிய மனைவியின் மௌனத்துக்கு மட்டும் அஞ்சும் கண்ணியரே! வணக்கம்.

உங்கள் வீரத்தைச் சொல்ல ஒரு மான் போதும். ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலைக்குள் புள்ளிமான் புகுந்துவிட்டது. அங்கே தையல் பிரிவில் வேலை பார்க்கும் மஹ்பூபி போன் செய்தார். "சார், மானு ஒண்ணு உள்ள பூந்துடுச்சு. கட்டிங் செக்சன்ல நிக்குது. சுத்தி தொங்குற தோலப் பாத்து அதுக்கே பேஜாராப் போச்சு. சீக்கிரம் வாங்க!" பறந்து போனீர்கள். வாசலிலேயே உங்கள் தோல் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே நுழைந்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, மானுக்கு மரியாதை என்றீர்கள். மான் பத்திரமாக மலை ஏறியது. பூட்ஸைத்தான் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

பாசமிகு தந்தையே! மகள் அம்பிகாவுக்குக் காய்ச்சல் என்றதும், மலைமேல் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காததால் வயர்லெஸில் விசாரித்தீர்கள். பிள்ளைக்கு எத்தனை டிகிரி என்பது மாவட்டம் முழுக்கத் தெரிந்தது. மறுநாள் மூன்று சரகங்களிலிருந்து கஷாயக் குறிப்பு வந்தது.

இனி, சொல்லக் கூச்சப்படும் கதையைச் சொல்லியாக வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் விரிஞ்சிபுரத்தில் வீடு கட்டினீர்கள். தலைவாசல் நிலைக்காக, கலவை ஊரில் உங்கள் மனைவி சௌந்தரம் அம்மாவின் தாய்வீட்டுப் பட்டா நிலத்தில் நின்ற தேக்கை வெட்டி, நாலு சட்டமாக அறுத்து, டெம்போவில் ஏற்றினார்கள். மறுநாள் காலை நிலை வைக்க முகூர்த்தம். அன்றைக்குப் பார்த்து நீங்கள் எங்களுக்கு உத்தரவிட்டிருந்தீர்கள்: "பாஸ் இல்லாம ஒரு குச்சி போவக்கூடாது. யாரு வீட்டு மரமா இருந்தாலும் சரி." மரம் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டான அந்தப் பாஸை எடுப்பது உங்கள் பொறுப்பு என்று அம்மா நினைத்திருந்தார். அம்மா எடுத்திருப்பார் என்று நீங்கள் நினைத்திருந்தீர்கள். டெம்போவை மறித்து, மரத்தில் பறிமுதல் முத்திரைச் சுத்தியால் ஓங்கி அடித்தவர் வேறு யாருமல்ல. இம்மடலை எழுதும் வனக்காப்பாளர் சமீருல்லாவே.

விஷயம் தெரிந்ததும் ஒரு கையெழுத்தில் மரத்தை விட்டிருக்கலாம். ஆனால் நேர்மைச் சிகரமே! சொந்த வழக்கில் சொந்தக் கையெழுத்தா என்று பேனாவை மூடினீர்கள். மேலிடத்துக்கு எழுதினீர்கள். உமது அதிகாரத்துக்கு உட்பட்டதே, நீரே முடிக்கவும் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினீர்கள். அதே பதில் மறுபடி வந்தது. இடையில், மரம் கொண்டுவரப் பாஸ் எடுக்காதது ஏன் என்று உங்களுக்கே மெமோ கொடுத்தீர்கள். பணிச்சுமையால் மறந்துவிட்டேன் என்று கணவராக விளக்கம் எழுதினீர்கள். விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று அதிகாரியாகத் திருப்பி அனுப்பினீர்கள். மரத்தின் சொந்தக்காரர் என்ற முறையில் அம்மாவுக்கும் பதிவுத் தபாலில் அறிவிப்பு போனது. அவர் வாங்க மறுத்தார். விதிப்படி உங்கள் வீட்டுக் கதவில் ஒட்ட வேண்டும். கதவு இல்லாததால் சுவரில் ஒட்டினீர்கள்.

தலைவாசலைத் தகரம் வைத்து அடைத்துவிட்டு, மூன்று வருடம் குடும்பமே சமையற்கட்டு வழியாகப் போய்வந்தது. வேறு மரத்தில் நிலை வைக்கலாமே என்று ஒருமுறை கேட்டோம். "எங்க அப்பா நெலத்து மரம் கைதியா கெடக்குது. அது வர்ற வரைக்கும் தகரம்தான்," என்றார் அம்மா. அம்பிகாவைப் பெண் பார்க்க வந்தவர்களும் அடுப்பைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். இரண்டு சம்பந்தம் அந்த அடுப்பங்கரையோடு திரும்பிப் போனதும் எங்களுக்குத் தெரியும். அந்த முத்திரையை அடித்த கை இன்றும் கூசுகிறது. மன்னியுங்கள் ஐயா. அன்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் நீங்கள் எங்களை மன்னித்திருக்க மாட்டீர்கள் என்பதும் தெரியும்.

(இதற்குக் கீழே உள்ளது அச்சில் இல்லை. இன்று மதியம் பேனாவால் எழுதி ஒட்டியது.)

ஐயா, இன்று முற்பகல் புதிய வனச்சரகர் அம்பரீன் அவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தீர்கள். அவருக்கு இது சொந்த வழக்கில்லை. கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். நடுவில் இரண்டு முறை எழுந்துபோய்ச் சிரித்துவிட்டு வந்தார். பிறகு உங்களை எச்சரித்து, மரத்தை விடுவித்து உத்தரவிட்டார். மதியச் சாப்பாட்டின்போது அலுவலகத்தின் பின்பக்கம் சத்தம் கேட்டு, எவனோ மரம் வெட்டுகிறான் என்று இலையை விட்டு எழுந்தீர்களே, அது ஆசாரி ரத்தினசாமி நாலு சட்டத்தையும் நிலையாகப் பூட்டிய சத்தம். முத்திரைத் தழும்பு எவ்வளவு இழைத்தும் போகவில்லை. "இருக்கட்டும், வர்றவங்க பாக்கட்டும்," என்று அம்மா சொல்லிவிட்டார்.

அவர் இப்போது வெளியே டெம்போ பக்கத்தில் நிற்கிறார். உங்களிடம் சொல்லச் சொன்னது இது: "நாளைக்கு காலையில ஆறுலேந்து ஏழரைக்குள்ள நிலை வெக்கிறோம். மொதல்ல அவருதான் வலது கால எடுத்து வெச்சு வரணும். மூணு வருஷமா சொந்த வூட்டுக்கே திருட்டுப்பூன மாதிரி பின்பக்கமா வந்தாரு, பாவம்."

நோயின்றி, நொடியின்றி, நிமிர்ந்த தலையோடு நீடூழி அந்த வாசலில் போய்வாருங்கள் ஐயா! நிலைக்கு மஞ்சள் பூசி மாவிலை கட்டியாயிற்று. அனுமதிச் சீட்டு ஓட்டுநரின் சட்டைப்பையில் இருக்கிறது. அதைக் கேட்க இன்று முற்பகலிலிருந்தே உங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனாலும் கேட்பீர்கள். காட்டச் சொல்லியிருக்கிறோம்.

என்றும் உங்கள் உத்தரவுக்குப் பயந்த,
வனவர்கள், வனக்காப்பாளர்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள், அலுவலகப் பணியாளர்கள்