இடிபாட்டில் நின்ற பூச்சியைத் திருப்பியது பற்றி

விசாரணை அதிகாரி கேட்க, நான் சொல்ல, எழுத்தர் எழுதுவதுதான் முறை என்று தெரியும். ஆனால் யாராவது எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் என் குரல் உள்ளே போய்விடும். நேற்று வெகுநேரம் உட்கார்ந்தும் என் பெயரைத் தவிர உருப்படியாக எதுவும் சொல்லவில்லை. நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்கும், உங்கள் நேரத்தை வீணாக்கியதற்கும் மன்னிக்க வேண்டும்.

பெயரும் முகவரியும் எழுத்தர் முதல் தாளில் பதிந்துவிட்டார். வயது இருபத்து நான்கு. படிப்பு விலங்கியல் முதுகலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா சரக்கு வேன் ஓட்டுகிறார். அம்மா தையல் பட்டறையில் காலர் தைக்கிறார்.

என்னிடம் கேட்கப்பட்டது ஒன்றுதான். கட்டடம் சரிந்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட லிஃப்ட் மெக்கானிக், தன் கைமேல் பச்சை விளக்கோடு ஒரு பூச்சி வந்து உட்கார்ந்து, பிறகு திரும்பிப் போய்விட்டதாகச் சொல்கிறார். எங்கள் நிறுவனம் அது மயக்கத்தில் கண்ட தோற்றம் என்கிறது. எது உண்மை என்பது எனக்குத் தெரியும்.

நான் வேலை செய்வது உயிருள்ள பூச்சிகளுக்கு மின்கருவி பொருத்தித் தூரத்திலிருந்து இயக்கும் ஆய்வுக்கூடம். வேலைக்கு எடுக்கும்போது என் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே முடியைவிட மெல்லிய கம்பியை ஒரு துளைக்குள் விடச் சொன்னார்கள். அம்மாவோடு உட்கார்ந்து சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துப் பழகிய கை என்பதால் நடுங்கவில்லை. வேலை இன்னது என்று வீட்டில் சொன்னபோது அம்மா, "கரப்பான்பூச்சிக்குக் காது குத்தறதுக்கா உன்னை இவ்வளவு படிக்க வெச்சோம்?" என்று கேட்டார். அப்பா அதை வேன் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

கட்டைவிரல் நீளமுள்ள பெரிய வகைக் கரப்பான்பூச்சியை முதலில் ஐஸில் வைத்து மரத்துப்போகச் செய்வேன். அதன்பின் இரண்டு உணர்கொம்புகளையும் வெட்டி, மீந்திருக்கும் குழாய்க்குள் கம்பியைச் செலுத்துவேன். அதன்பின் பின்பக்கம் உள்ள இரண்டு சிறு முனைகளிலும் கம்பி வைப்பேன். அதன்பின் முதுகில் நகத்தளவு மின்பலகை, பேட்டரி, பக்கத்தில் மனித உடம்பு இருந்தால் சூட்டைக் காட்டும் வெப்பமானி, எங்கே இருக்கிறது என்று தெரிவதற்குப் பச்சை விளக்கு எல்லாவற்றையும் ஒட்டுவேன். இடது கொம்பில் மின்சாரம் கொடுத்தால் அந்தப் பக்கம் சுவர் இருப்பதாக நினைத்து வலது பக்கம் திரும்பும். பின்பக்கம் கொடுத்தால் எதுவோ துரத்துவதாக நினைத்து ஓடும். இல்லாத சுவரையும் இல்லாத எதிரியையும் அதற்குக் காட்டுவதுதான் எங்கள் தொழில்.

ஐஸிலிருந்து எழுந்ததும் ஒவ்வொன்றும் முன்காலைத் தூக்கி, கொம்பை வாய்க்கு இழுத்துத் துடைக்கப் பார்க்கும். கொம்பு இருக்காது. கால் வெறும் காற்றை இழுக்கும். சேர்ந்த புதிதில், இதற்கு வலிக்குமா என்று குழுத் தலைவரிடம் கேட்டேன். "கால் முளைச்ச மெஷின்மா அது. வலிச்சா சொல்லாதா?" என்றார். அதன்பின் நான் கேட்கவில்லை. எழும் நேரத்தில் வேறு பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

சொன்னதைச் செய்யாமல் நின்றுவிடும் பூச்சிக்கு எங்கள் கூடத்தில் முரண்டு என்று பெயர். நின்றால் பின்பக்கப் பொத்தானை அழுத்துவோம். அப்படியும் நகராவிட்டால் மின்சாரத்தைக் கூட்டி, திருப்பி, வெளியே கொண்டுவந்துவிடுவோம். எந்தப் பூச்சி எவ்வளவு கீழ்ப்படிந்தது என்ற சதவீதம் சுவர்த் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பூச்சி ஏன் நின்றது என்று கேட்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது.

சம்பவத்தன்று கட்டி முடியாத வணிக வளாகம் சரிந்ததாக மதியம் தகவல் வந்தது. மீட்புப் படை அதிகாரி அழைத்ததன் பேரில் குழுத் தலைவரும், கருவியை இயக்குபவரும், நானும் போனோம். இயக்குபவரை நாங்கள் பைலட் என்று கூப்பிடுவோம். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நிஜமான இடிபாட்டில் பூச்சியை விடுவது அதுவே முதல் தடவை. மெக்கானிக்கின் மனைவி கயிற்றுக்கு வெளியே, நிறுத்தியிருந்த கணவரின் பைக் சீட்டில் கைவைத்தபடி நின்றிருந்தார். நான் பெட்டியைத் திறப்பதைப் பார்த்து, "ஏம்மா, இதுவா உள்ள போய்த் தேடப் போகுது?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"இருட்டுல அதுக்குக் கண்ணு தெரியுமா?"

"கண்ணு வேணாம்கா. கொம்பாலயே தடவிக் கண்டுபிடிச்சிடும்" என்றேன். சொன்ன பிறகுதான் அந்தக் கொம்பை வெட்டியவள் நான் என்பது உறைத்தது.

அதன்பின் பூச்சியை ஒரு விரிசலில் விட்டேன். எடை தாங்காது என்பதால் அதில் கேமரா இல்லை. பைலட்டின் கையில் இருந்த திரையில் கட்டட வரைபடமும், நகரும் புள்ளியும், வெப்ப அளவும் மட்டும் தெரியும். எங்களுக்குப் பின்னால் அதிகாரிகளும் தொலைக்காட்சிக்காரர்களும் நின்றார்கள். லிஃப்ட் குழியின் ஓரத்தில் புள்ளி நின்றது.

"முரண்டு பிடிக்குது சார்" என்றார் பைலட்.

"திருப்புய்யா. கேமரா ஓடுது, மானத்தை வாங்காத" என்றார் குழுத் தலைவர்.

"சார், கொஞ்சம் விட்டுப் பார்க்கலாமா? சூடு ஏறுது" என்றேன் நான்.

"பொத்தானை அழுத்தினா பலகை சூடாகும். சூடு ஏறும். இத்தனை நாளா என்ன கத்துக்கிட்ட?"

அது எங்களுக்கு எல்லாம் பழகிப்போன விஷயம்தான். ஆனால் அன்று பைலட் அதுவரை பொத்தானைத் தொடவே இல்லை. அழுத்துவதற்கு முன்பே ஏறியது சார் என்று சொன்னேன். என் குரல் பைலட்டைத் தாண்டிப் போகவில்லை. அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அழுத்தினார். பூச்சி நகரவில்லை. மறுபடி அழுத்தினார். நகரவில்லை. மூன்றாவது தடவை அழுத்தியும் அது அங்கேயே இருந்தது. அப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததே இல்லை. அதன்பின் மின்சாரத்தை உச்சத்துக்குக் கூட்டித் திருப்பினார். புள்ளி வெளியே வந்தது. குழுத் தலைவர் மீட்புப் படை அதிகாரியிடம், "அந்தப் பக்கம் காலி சார். தைரியமா அடுத்த பக்கம் போகலாம்" என்றார். ஆட்களும் இயந்திரங்களும் அடுத்த பக்கம் போனார்கள். பூச்சி பெட்டியிலேயே இறந்தது. கம்பி நுழைந்த இடம் கருகியிருந்தது.

மறுநாள் லிஃப்ட் குழியின் ஓரத்துக் கான்கிரீட் பலகையைத் தூக்கியபோது மெக்கானிக் உயிரோடு கிடைத்தார். புள்ளி நின்ற அதே இடம். இரண்டு கால்களையும் எடுத்துவிட்டார்கள். முன்தினமே தூக்கியிருந்தால் ஒரு காலாவது மிஞ்சியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதாக அறிகிறேன்.

அதன்பின் ஒரு நாள் அவர் மனைவி எங்கள் நிறுவனத்துக்கு வந்தார். வரவேற்பறையில் குழுத் தலைவர் அவரை உட்காரவைத்துப் பேசினார். பைலட் தேநீரோடு அங்கே நின்றிருந்தார். நான் பாதி திறந்திருந்த கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

"பச்சையா ஒரு லைட்டு வந்து கை மேல உக்காந்துச்சாம் சார். வந்துட்டாங்கன்னு நெனச்சு அழுதுட்டாராம்."

"அந்த நேரத்துல மூளை என்னென்னமோ காட்டும்மா. எங்க பூச்சி அவர் கிட்டயே போகல."

"அது கை மேல இருக்கறப்பவே வெட்டி வெட்டி இழுத்துச்சாம். மூணு தடவை. அவரு கையிலயே தெரிஞ்சுதாம். அப்புறம் ஒரேடியாத் துடிச்சுத் திரும்பிப் போயிடுச்சாம். என்னடி, நெஜமாவே வந்துச்சா, எனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சான்னு என்னையே கேக்குறாரு. நான் என்ன சார் சொல்றது?"

எத்தனை தடவை அழுத்தினோம் என்பது எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. பைலட் தேநீரை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். அன்றிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. அன்று என்னால் கம்பியைத் துளைக்குள் விட முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

அது மனிதனைக் காப்பாற்ற நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். உடம்புச் சூட்டுக்கு நின்றிருக்கலாம், வியர்வை ஈரத்துக்கு நின்றிருக்கலாம். ஒரு பூச்சி நிற்க அந்தக் காரணம் போதும். நமக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் அதை உள்ளே அனுப்பினோம். அது தெரிந்துகொண்டு நின்றது. நாங்கள் அதைத் துரத்திக்கொண்டே இருந்தோம்.

இதில் நான் கண்டதையும் கேட்டதையும் என் கையால் செய்ததையும் தவிர வேறொன்றும் எழுதவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை, மிரட்டவில்லை. முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டேன், எல்லாம் உண்மை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். நேற்றே கேட்க வந்தேன், வாய் வரவில்லை. நான் சாட்சி என்பதால் வழக்கு முடியும்வரை மெக்கானிக்கைப் பார்க்கக் கூடாது என்று சொன்னீர்கள். வழக்கு முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று தெரியாது. அதுவரை அவர் தன் புத்தியைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். ஒரு காவலரை உடன் அனுப்பினாலும் சரி, வார்டு வாசலிலேயே நிற்கச் சொன்னாலும் சரி. அவர் கைமேல் அது வந்தது நிஜம், அது தானாகத் திரும்பிப் போகவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். அதற்கு அனுமதி வேண்டும்.

(கையொப்பம்)